பூட்டிய வார்டில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

பூட்டிய மனநல வார்டுகளில் குழு சிகிச்சை விரிவுரையாகத்தான் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின், வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் எட்வர்ட் லேசல் என்ற மருத்துவர் மனச்சிதைவு நோயாளிகளைக் கூட்டமாக உட்காரவைத்து, அவர்களுடைய நோயைப் பற்றியே பாடம் நடத்தினார். காதில் எதுவும் ஏறாது என்று கைவிடப்பட்டவர்கள்கூடச் சொன்னதை நினைவில் வைத்திருந்ததாக 1921-இல் எழுதினார். அந்தக் காலத்தில் இத்தகைய வார்டுகளில் கொந்தளிக்கும் நோயாளியை அடக்கத் தெரிந்த வழிகள் சிலவே: தனியறை, கட்டுச்சட்டை, ஈரத்துணியில் இறுகச் சுற்றுவது, மணிக்கணக்கில் தொட்டிக் குளியல். கோபத்தைப் பற்றி நோயாளியிடமே பேசலாம் என்பது புதிய எண்ணம்.

அந்த எண்ணம் வலுப்பெற்றது இரண்டாம் உலகப் போரில். போர்முனையில் மனம் உடைந்த பிரிட்டிஷ் வீரர்களுக்காக பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டில் ராணுவ மனநல மருத்துவமனை இயங்கியது. 1942-43 குளிர்காலத்தில் அங்கே பயிற்சிப் பிரிவின் பொறுப்பு மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பியானிடம் வந்தது. இன்னொரு மருத்துவரான ஜான் ரிக்மனும் உடனிருந்தார். ஒவ்வொரு வீரரும் ஏதாவது ஒரு குழுவில் சேர வேண்டும், எது என்பது அவர் விருப்பம் என்றார் பியான். தச்சு வேலைக் குழு, வரைபடம் படிக்கும் குழு என்று பல உருவாயின. தினமும் 12.10 மணிக்கு அரை மணி நேரக் கூட்டம். அங்கே பிரிவின் நிலைமையை எல்லோரும் சேர்ந்து அலச வேண்டும். இடம் அழுக்காகக் கிடக்கிறது என்று முறையிட்டவர்களுக்காக பியான் யாரையும் தண்டிக்கவில்லை. பேச்சைக் கூட்டத்திடமே திருப்பிவிட்டார். கடைசியில் துப்புரவுக்கென்று ஒரு குழுவை வீரர்களே அமைத்துக்கொண்டார்கள். ராணுவ மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் சோதனை நிறுத்தப்பட்டது. ஆனாலும் எஸ்.எச். ஃபோக்ஸ், ஹெரால்ட் பிரிட்ஜர், டாம் மெய்ன் ஆகியோர் அதே மருத்துவமனையில் வேறு வடிவில், இன்னும் நிதானமாக, அதைத் தொடர்ந்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனின் மில் ஹில்லில் மனநல மருத்துவர் மாக்ஸ்வெல் ஜோன்ஸ் நூறு வீரர்களுக்கு, நெஞ்சு படபடப்பும் மூச்சுத் திணறலும் பயத்தால் எப்படி வருகின்றன என்று உடலியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பாடம் கலந்துரையாடலாக மாறியது; பழைய நோயாளிகள் புதியவர்களுக்கு விளக்கத் தொடங்கினார்கள். இதன் முதிர்ந்த வடிவம்தான் 1947-இல் பெல்மான்ட் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பிரிவு. 1959-இல் அது ஹெண்டர்சன் மருத்துவமனை என்று பெயர் மாறியது. தினமும் காலையில் நோயாளிகளும் ஊழியர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தார்கள். முந்தைய நாள் யார் யாரிடம் எரிந்து விழுந்தார், கண்ணாடியை உடைத்தது ஏன் என்றெல்லாம் விசாரணை நடந்தது. 1962-இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட, கைதிகளுக்குக் குழு சிகிச்சை தரும் கிரெண்டன் சிறையும் இந்த வழியில் வந்ததே.

ஹெண்டர்சனுக்கும் கிரெண்டனுக்கும் பொதுவான ஓர் ஏற்பாடு இருந்தது. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம்; கைதிகூட வழக்கமான சிறைக்குத் திரும்பலாம். சின்ன விஷயம்போலத் தெரியும். அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கனடா காட்டியது.

ஒன்டாரியோ மாகாணத்தின் பெனட்டாங்விஷீனில் ஓக் ரிட்ஜ் என்ற உச்சப் பாதுகாப்பு மனநலப் பிரிவு இருந்தது. மனநோய் காரணமாகக் குற்றப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் காலவரையறையின்றி அங்கே அடைக்கப்பட்டார்கள். 1965-இல் வந்த எலியட் பார்க்கர் என்ற இளம் மருத்துவர், மருந்தும் காவலும் மட்டுமே இருந்த இடத்தில் சமூக சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். வாரத்துக்கு 80 மணி நேரம் வரை குழு சிகிச்சை. நோயாளிகளே ஒருவரையொருவர் கண்காணித்தார்கள், மதிப்பிட்டார்கள். ஒத்துழைக்காதவர்கள் அசையாமல் தரையில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது.

1968-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எட்டடிக்குப் பத்தடி அறை. ஜன்னல் இல்லை, வெளிச்சத்தம் புகாது, விளக்கு அணையாது. உள்ளே சிறு குழுவாக நோயாளிகள், ஆடையின்றி, நாள்கணக்கில். சுவரில் பொருத்திய குழாய்கள் வழியே திரவ உணவு. மேலிருந்து ஒருவழிக் கண்ணாடி மூலம் கண்காணிப்பு. வேறு திட்டங்களில் எல்.எஸ்.டி. போன்ற மருந்துகள் கொடுத்து மனத் தடுப்புகளைத் தகர்க்க முயன்றார்கள். உள்ளே புதைந்த உணர்ச்சி வெளியே கொட்டினால் மனிதன் திருந்துவான் என்பது நம்பிக்கை. அன்று அதற்குப் பாராட்டும் குறையவில்லை.

விளைவை அளந்தவர்கள் அதே மருத்துவமனையின் ஆய்வாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மார்னி ரைஸ், கிராண்ட் ஹாரிஸ், கேத்தரின் கார்மியர் மூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, திட்டத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருந்த 176 பேரைத் திட்டத்துக்கு வராத குற்றவாளிகளோடு ஒப்பிட்டது. இரக்கமோ குற்றவுணர்வோ அற்ற ‘சைக்கோபாத்’ வகையினரில் சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் மீண்டும் வன்முறையில் இறங்கினர். பெறாதவர்களில் 55 சதவீதம். மற்ற வகையினரில் நிலைமை தலைகீழ்: 22-க்கு 39. பிறர் மனதைப் படிக்கும் திறமையை முதல் வகையினர் குழுவில் கற்று, அதைப் பிறருக்கு எதிராகவே பயன்படுத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ‘சைக்கோபாத்துக்குச் சிகிச்சையே கெடுதல்’ என்று இதைப் பலர் படித்தார்கள். அது அவசர முடிவு. இந்த ஆய்வு அளந்தது ஒரே ஒரு விசித்திரமான திட்டத்தை.

இதற்கிடையில் வேறொரு மரபு வளர்ந்தது. 1975-இல் ரேமண்ட் நொவாகோ என்ற உளவியலாளர், கோபத்தைப் படிப்படியாகக் கையாளப் பயிற்சி தரலாம் என்று காட்டினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்ஷா லினஹன், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பெண்களுக்காக ‘டி.பி.டி.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிகிச்சையை வகுத்தார். முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991-லும் கையேடு 1993-லும் வந்தன. தாமும் 1961-இல், 17 வயதில், ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனையின் பூட்டிய பிரிவில் தனியறையில் அடைபட்டிருந்ததை அவர் 2011-இல்தான் வெளியே சொன்னார்.

லினஹனின் குழுவில் யாரும் மனதைக் கொட்ட வேண்டியதில்லை. கரும்பலகை, கைத்தாள், வீட்டுப்பாடம். விழிப்போடு கவனித்தல், துன்பத்தைப் பொறுத்தல், உணர்ச்சிகளைச் சீராக்குதல், பிறரோடு பழகுதல் என்று நான்கு பாடப் பிரிவுகள். ஒரு வெடிப்பு நிகழ்ந்தால் அதன் கண்ணிகளைப் பின்னோக்கி அவிழ்ப்பார்கள்: நர்ஸ் ‘போன் பேச நேரம் முடிந்தது’ என்றார், மார்பு இறுகியது, ‘என்னை மதிக்கவில்லை’ என்ற எண்ணம் வந்தது, நாற்காலி பறந்தது. எந்தக் கண்ணியில் வேறு விதமாக நடந்திருக்கலாம் என்பதே கேள்வி. மில் ஹில்லில் நடந்த உடலியல் பாடம் திரும்பி வந்ததுபோல இருந்தது, இந்த முறை பயிற்சியோடு.

வெளிநோயாளிகளுக்கென உருவான இந்த முறையை, கொலராடோ மாநிலத்தின் பியூப்ளோ மருத்துவமனை தன் குற்றவியல் மனநலப் பிரிவுக்கு ஏற்ப மாற்றியமைத்தது. அந்த மாதிரி 2000-இல் வெளியானது. இங்கிலாந்தின் உச்சப் பாதுகாப்பு மருத்துவமனையான ராம்ப்டனில் பெண்களுக்கு நடந்த சிறு சோதனையின் முடிவு அடுத்த ஆண்டு வந்தது, தற்காயம் குறைந்தது. மாற்றம் தேவைப்பட்டது நியாயமே. மெழுகுவத்தி ஏற்று, வெளியே நடந்துவா, தோழியைக் கூப்பிடு என்ற அறிவுரைகளெல்லாம் சாவி வேறொருவர் இடுப்பில் தொங்கும் வார்டில் செல்லாது. ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொள்வது, குளிர்ந்த நீரில் முகம் நனைப்பது, மூச்சை நிதானமாக விடுவது போன்றவை எஞ்சின. ஊழியர்களுக்கும் அதே பாடம் நடத்தப்பட்டது. பகலில் குழுவில் கற்றதை இரவுப் பணியாளர் அறியாவிட்டால் அது வார்டில் நிற்பதில்லை.

ஓக் ரிட்ஜின் கணக்கு நீதிமன்றத்தில் தீர்ந்தது. முன்னாள் நோயாளிகள் 28 பேர் தொடுத்த வழக்கில் 2020-இல் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம், அங்கு நடந்தவை நோயாளிகளுக்கு இழைத்த தீங்கு என்று அரசுக்கும் மருத்துவர்களுக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது.