‘பாரியா’ என்ற சொல்லும் பெரிய மேளமும்

சென்ற வாரம் வாத்தியார் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் பழக்கம் அதைவிடப் பழையது. நான் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வந்தவர், “ஆதிதிராவிடர்னே போடுங்க சார், அந்த இன்னொரு பேர் வேணாம்” என்று மெதுவாகச் சொன்னார். அன்று நான் காரணம் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பாதிதான் தெரிந்திருந்தது.

என் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அங்கே ஒருநாள் ‘பாரியா’ என்ற சொல் பாடத்தில் வந்தது. சமூகம் விலக்கி வைத்த மனிதன் என்று ஆசிரியர் பொருள் சொன்னார். பெர்னார்தென் தெ சேன் பியேர் 1791இல் எழுதிய ‘இந்தியக் குடிசை’ என்ற கதையையும் சொன்னார். உண்மையைத் தேடி இந்தியாவுக்கு வரும் ஆங்கில அறிஞர் ஒருவருக்கு, பண்டிதர்களிடம் கிடைக்காத விடை ஒரு பாரியாவின் குடிசையில் கிடைக்கிறது. எழுதியவர் மொரீஷியஸ் வரை வந்தவர், இந்திய மண்ணை மிதித்ததில்லை. 1821இல் கசிமிர் தெலவீஞ் ‘பாரியா’ என்ற பெயரிலேயே ஒரு சோக நாடகம் எழுதினார். நாங்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். அது நம் ஊர்ச் சொல் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அம்மாவின் ஊரான மேல்சித்தாமூருக்குப் போவேன். சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் உள்ள ஊர் அது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இரவில் தூரத்து ஊர்களிலிருந்து பெரிய மேளத்தின் சத்தம் வரும். ஆயா திண்ணையில் உட்கார்ந்தபடியே, “இது மாரியம்மன் கோயில் அடி”, “இது சாவு அடி, யாரோ போயிட்டாங்க” என்று சொல்லிவிடுவார். அடியை வைத்தே சேதி தெரிந்துகொண்ட தலைமுறை அது. அந்தச் சத்தத்துக்கும் என் பிரெஞ்சுப் புத்தகத்துக்கும் உறவு உண்டு என்று எனக்குப் புரிய முப்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

பெரிய மேளம் என்றால் தஞ்சாவூர்க்காரர்கள் நாதசுரம், தவிலைத்தான் சொல்வார்கள். நம் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்தில் அது பறையும் சட்டியும் தாளமும் சேர்ந்த குழுவின் பெயர். மரச் சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். ஒரு கையில் மெல்லிய சிண்டுக் குச்சி, மறுகையில் அடிக்குச்சி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல் என்றும் பொருள். மலையாளத்தில் இன்றும் அந்தச் சொல் வழங்குகிறது. சேதியைச் சொன்ன கருவி அது.

பறையிலிருந்துதான் பறையர் என்ற பெயர் வந்தது என்பது கால்டுவெல் உள்ளிட்ட பலரின் கருத்து. போர்த்துகீசியர் அந்தப் பெயரைக் கேட்டு எழுதிவைத்தார்கள். அவர்களிடமிருந்து மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. போகிற வழியில் மேளம் விழுந்துவிட்டது, தீண்டாமை மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று ஐரோப்பாவில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு அதற்குள் ஒரு இசைக்கருவி இருப்பது தெரியும்?

குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு வருடங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் போகாது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொன்ன பெயரைத் தலை நிமிர்ந்து தலைப்பில் போட்டார். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அந்தப் பெயருக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று சென்னை அரசு ஆணையிட்டது. ராஜாவும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். அதே 1922இல் பாரிஸில் ‘லெ பாரியா’ என்ற பத்திரிகை வெளிவந்தது. நடத்தியவர்கள் பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டு மக்கள். முன்னின்றவர் பின்னாளில் ஹோ சி மின் என்று அறியப்பட்ட வியட்நாமியர். ஒரே வருடத்தில் சென்னையில் அந்தச் சொல்லை விலக்கினார்கள், பாரிஸில் எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

வாத்தியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க அப்பா பெரிய மேளத்துல பறை அடிச்சவரு சார்” என்றார். இத்தனை வருடத்தில் முதல் முறையாகச் சொல்கிறார். “சாவு வீட்ல ராத்திரி முழுக்க அடிப்பாரு. விடிஞ்சா நெல்லோ காசோ தூக்கிப் போடுவாங்க, கையில குடுக்க மாட்டாங்க. அதைப் பார்த்துட்டுதான் நான் படிச்சேன். எனக்கு வேலை கிடைச்ச வருஷம் பறையைப் பரண்ல போடச் சொன்னேன். அப்பா ஒண்ணும் கேக்காம போட்டுட்டாரு.”

பல ஊர்களில் இப்படித்தான் நடந்தது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்துப் பறையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அதைத் தவறென்று சொல்ல நாம் யார்?

இப்போது அவர் தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பறைக்குழு வைத்திருக்கிறார்களாம். பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கல்யாணம், கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று போகிறார்கள். பேசிய கூலியை முன்பணமாகக் கையில் கொடுத்தால்தான் வருவார்கள். “அந்த ஒரு நிபந்தனைக்காகவே அவங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு” என்று சிரித்தார். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காக 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சணாமூர்த்தியின் பெயரும் அதே பட்டியலில் இருந்தது. அந்தச் செய்தித்தாளை வாத்தியார் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அவர் பேத்தியும் அந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். “தாத்தா, பரண்ல இருக்கிறதை எடுத்துத் தா” என்று கேட்டாளாம். எடுத்துப் பார்த்தால் தோலை எலி கடித்திருந்தது, சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. புதுத் தோல் போடக் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் சரியாக வரவில்லை. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆயா இருந்திருந்தால் இந்தப் புது அடியைக் கேட்டு என்ன சேதி என்று சொல்லியிருப்பார். அடுத்த மாதம் அவர்கள் தெருத் திருவிழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். முட்டி வலி இருந்தாலும் போவதாக இருக்கிறேன்.