காவலர் குடிமக்களா, படையினரா? சென்னை மாகாணக் காவல் வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

காவல் துறையினரைப் படைசாராக் குடிமக்களாகக் கொள்ளலாமா என்னும் வினா சட்டத்திற்கும் வரலாற்றிற்கும் பொதுவானது. 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டத்திற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டத்தின் பார்வையில் காவலர் குடிமைப் பணியாளராகவே வகுக்கப்பட்டனர். அமைப்பில் அவர்கள் படையினராக வார்க்கப்பட்டனர். இம்முரண் பொதுமக்களையும் கடைநிலைக் காவலரையும் ஒருங்கே பாதித்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: காவல், குடிமக்கள், சென்னை மாகாணம், சித்திரவதை ஆணையம், ஆயுதக் காவல்

முன்னுரை

‘சிவிலியன்’ என்னும் சொல் இன்று படையில் சேராதவரைக் குறிக்கிறது. காவல் நிலையங்களிலோ, காவலர் தம்மை நீக்கிப் பிறரைச் சுட்டவும் இச்சொல் வழங்குகிறது. காலனிய இந்தியாவில் இதன் பொருள் வேறு. ஒப்பந்தக் குடிமைப் பணியில் அமர்ந்த ஆங்கில அதிகாரியே அன்று சிவிலியன் எனப்பட்டார். 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைக் காவல் துறையின் முதல் தலைவரான வில்லியம் ராபின்சன் இப்பொருளில் ஒரு சிவிலியனே. குடிமைப் பணியாளர் ஒருவரின் தலைமையில் தோன்றிய துறை, தன்னைக் குடிமக்களிடமிருந்து வேறானதாகக் கருதும் நிலையை எவ்வாறு அடைந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

குடிக்காவலும் அதன் முடிவும்

பழைய தமிழகத்தில் காவல் என்பது ஊரோடு பிணைந்த உரிமையும் கடமையுமாக இருந்தது. பாடிகாவல், தலக்காவல், தேசகாவல் எனப் பலவகைக் காவல்கள் வழங்கின. காவற்காரர் ஊராரிடம் காவற்கூலி பெற்றனர். களவு நேர்ந்தால் பொருளை மீட்டுத் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டனர். இம்முறையைக் குறையற்றதெனக் கூறுதல் இயலாது. கூலி என்னும் பெயரில் வன்பறிப்பும் நிகழ்ந்தது. எனினும் காவற்காரர் தாம் காத்த ஊருக்கு விடை கூறவேண்டியவராக இருந்தனர் என்பது கருதத்தக்கது.

பாளையக்காரர் போர்களுக்குப் பின் கும்பினி அரசு காவல் உரிமைகளைக் கைப்பற்றியது. 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் வழி ஊர்த்தலைவரும் தாசில்தாரும் காவற்பொறுப்பை ஏற்றனர். இதனால் வரி தண்டும் கையும் குற்றவாளியைப் பிடிக்கும் கையும் ஒன்றாயின.

சித்திரவதை ஆணையமும் 1859ஆம் ஆண்டுச் சட்டமும்

இவ்விணைப்பின் விளைவை 1855ஆம் ஆண்டில் வெளிவந்த சென்னைச் சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை வெளிப்படுத்தியது. வரி பெறவும் குற்ற ஒப்புதல் பெறவும் கீழ்நிலை அலுவலர் மக்களை வதைத்தனர் என்பதை ஆணையம் உறுதி செய்தது. விரல்களை நெரிக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கட்டி நிறுத்தும் ‘அண்ணாந்தாள்’ ஆகிய தமிழ்ப்பெயர்கள் அவ்வறிக்கையின் வழி ஆங்கில ஆவணங்களில் இடம்பெற்றன.

வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரிப்பதே தீர்வெனக் கருதப்பட்டது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் இதனை நிறைவேற்றியது. 1860ஆம் ஆண்டுக் காவல் ஆணையமும் படைத்தன்மை கொண்ட காவலை நீக்கிக் குடிமைக் காவலை நிறுவுமாறு பரிந்துரைத்தது. அதன் விளைவே 1861ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம். ஆகவே, புதிய காவல் துறை தோற்றத்திலேயே தன்னைக் குடிமை அமைப்பென அறிவித்துக்கொண்டது எனலாம்.

இரு முன்மாதிரிகள்

அக்காலத்தில் இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. 1829ஆம் ஆண்டில் ராபர்ட் பீல் இலண்டனில் அமைத்த காவல் ஒன்று. செந்நிறச் சீருடைப் படையினின்று வேறுபடுத்திக் காட்ட அக்காவலர்க்கு நீலநிற உடை தரப்பட்டது. மரத்தடியே அவர்களது வழக்கமான கருவி. சீருடை அணிந்த குடிமகனே காவலர் என்னும் கருத்து இம்மரபில் வளர்ந்தது. மற்றொன்று 1836ஆம் ஆண்டில் ஒருமுகப்படுத்தப்பட்ட அயர்லாந்துக் காவல். அது பாளைய வாழ்க்கையும் துப்பாக்கியும் கொண்டது. ஆளப்படுவோரின் ஐயப்பாட்டுக்கு நடுவே இயங்கியது.

இந்தியக் காவலில் அயர்லாந்து முன்மாதிரியின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை இரண்டும் கலந்தன என்பதே பொருந்தும். நிலையக் காவலர் இலண்டன் சாயலிலும், மாவட்ட ஆயுதக் காவலர் அயர்லாந்துச் சாயலிலும் அமைந்தனர்.

சட்டத்தின் இரு முகங்கள்

1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு இம்முரணைத் தெளிவாகக் காட்டுகிறது. கோழைத்தனம் காட்டும் காவலர்க்கும், தம் பொறுப்பிலுள்ள கைதியை முறையின்றித் தாக்கும் காவலர்க்கும் ஒரே பிரிவு தண்டனை கூறுகிறது. கோழைத்தனத்தைக் குற்றமாக்குவது படைச்சட்டத்தின் இயல்பு. கைதியைத் தாக்குவதைத் தடுப்பது குடிமைச் சட்டத்தின் இயல்பு. அவ்வழக்குகளை விசாரிப்பவரோ படைமன்றத்தார் அல்லர், குற்றவியல் நடுவரே. அதாவது, படைவீரரின் கடமை சுமத்தப்பட்டவர் குடிமகனுக்குரிய மன்றத்தில் நிறுத்தப்பட்டார்.

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் வேறொரு வேறுபாட்டை நிலைநாட்டியது. குற்றம் சாட்டப்பட்டவர் அண்டை வீட்டாரிடம் தாமாகக் கூறும் ஒப்புதல் சான்றாகலாம். காவல் அலுவலரிடம் கூறும் ஒப்புதலை அவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது. சான்றியலின் நோக்கில் காவலர் ஏனைய குடிமக்களுக்கு நிகரல்லர். கிட்டியின் நினைவை இவ்விதி சுமந்து நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமும் இதனைக் கைவிடவில்லை.

ஆயுதக் காவலின் வளர்ச்சி

இருபதாம் நூற்றாண்டில் படைத்தன்மை மேலோங்கியது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய மறுத்த மக்கள்மீது காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர்; பலர் உயிரிழந்தனர். பதிவுக்கு உட்படுத்தப்பட்ட பிறமலைக் கள்ளர் அப்பகுதியில் காவல் உரிமை கொண்டிருந்தோர் என்பது எண்ணத்தக்கது. பழைய காவற்காரரின் வழியினர் புதிய காவலரின் குண்டுக்கு இலக்காயினர்.

மறு ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சியின் சூழலில் மலபார் சிறப்புக் காவல் படை தோன்றியது. அது கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டுப் படைமுறைப் பயிற்சி பெற்றது. இன்றும் ‘காவல் துறை’ என்னும் பெயருக்குள் ‘சிறப்புக் காவல் படை’, ‘ஆயுதப் படை’ என்னும் பெயர்கள் அடங்கியிருத்தல் இவ்வரலாற்றின் எச்சமே.

விடுதலைக்குப் பின்

குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூட்டத்தைக் கலைக்கக் காவலர் பயன்படுத்தும் வலிமையைக் குடிமை வலிமை என்றும், தரைப்படை முதலியவற்றை ஆயுதப்படை என்றும் பிரித்தது. இதன்படி காவலர் குடிமைத் தரப்பினர். ஆயின், அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பு, பொது ஒழுங்கைக் காக்கும் படைகளின் அடிப்படை உரிமைகளையும் ஆயுதப்படையினரின் உரிமைகளைப் போலவே குறைக்க நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. அதன்வழி வந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் காவலரின் சங்க உரிமையைக் கட்டுப்படுத்தியது. 1979ஆம் ஆண்டில் பல மாநிலங்களில் எழுந்த காவலர் கிளர்ச்சிகளை இப்பின்னணியில் வைத்தே காணவேண்டும்.

பன்னாட்டுச் சட்டமும் கருதத்தக்கது. 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை ஆயுதப்படையில் சேராதோர் அனைவரையும் படைசாராக் குடிமக்கள் என்கிறது. சட்ட அமலாக்க அமைப்பைத் தன் படையில் இணைக்கும் தரப்பு அதனை எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் வேண்டும். ஆகவே, காவலரின் இயல்பான நிலை குடிமை நிலையே. படைநிலை விலக்காக வருவது. இந்தியா இந்நெறிமுறையில் சேரவில்லை எனினும், இவ்வரையறை ஒப்பீட்டுக்குப் பயன்படும்.

முடிவுரை

காவலர் படையினர் அல்லர் என்பதற்கு 1860ஆம் ஆண்டு ஆணையம் முதல் நடைமுறைச் சட்டம் வரை சான்றுகள் உள. அவர்கள் ஏனைய குடிமக்களைப் போன்றோரும் அல்லர் என்பதற்குச் சாட்சியச் சட்டமே சான்று. பிறர்க்கில்லாத அதிகாரம் உடையவர்மீது மிகுந்த ஐயம் கொள்ளுதல் முறையே. அவ்விதி வரலாற்றுப் பட்டறிவின் பயன். ஆனால், அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவதும் உரிமையைப் பறிப்பதும் வேறு வேறு. காலனிய அரசு உரிமையைக் குறைத்த அளவுக்கு அதிகாரத்தைக் கட்டுப்படுத்தவில்லை. மக்களை எதிர்நிலையில் காணப் பழக்கப்பட்ட காவலர், தம் குறைகளைக் கூறும் வாயிலையும் இழந்தனர். எனவே, காவலரைத் தனிப்பொறுப்பு ஏற்ற குடிமக்களாகக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும். அவ்வாறு கொண்டால், அவர்தம் துப்பாக்கி குடிமை மன்றத்திற்கு விடை கூறவேண்டும். அவர்தம் குறையும் அம்மன்றத்தில் கேட்கப்பட வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விடுத்து மற்றொன்றை நிலைநிறுத்துதல் அரிது.