கல்லாவில் தொங்கிய சாவி

என் அத்தை பதினோரு வருஷம் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை பார்த்தார். கடைப் பெயர் வேண்டாம். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகும். முகூர்த்த மாசமென்றால் பத்து. அவர் பையில் டிபன் பாக்ஸ் இருக்கும், தண்ணீர் பாட்டில் இருக்காது. மறந்துவிடுகிறார் என்று நினைத்து ஒருநாள் நானே பாட்டிலை நிரப்பி உள்ளே வைத்தேன். அப்போது நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி அது நிரம்பியபடியே திரும்பி வந்தது.

"தண்ணி குடிச்சா அப்புறம் சாவி கேக்கணும்டா" என்றார்.

கடையின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு கழிப்பறை. முதலாளி குடும்பம், கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேனில் வந்து இறங்கும் கூட்டம், கடை ஆட்கள் பன்னிரண்டு பேர் என்று எல்லோருக்கும் அதுதான். சாவி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை எடுக்க சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும், "இப்பதானே போன?" என்று அவர் கேட்பார். கடைப் பையன்கள் சாவி கேட்டதே இல்லை. அவர்களுக்குப் பக்கத்துச் சந்தில் சுவர் இருந்தது. அத்தைக்கு மூன்று முறை நீர்க்கடுப்பு வந்தது. மூன்றாவது முறை தொற்று சிறுநீரகம் வரைக்கும் போய், குளிர்ஜுரத்தோடு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தார். அதோடு வேலை போயிற்று. அந்தச் சம்பளத்தில்தான் நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்பது யார், எப்போது, எதற்காக எழுதிய விதி என்று நான் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் அந்தச் சாவிதான்.

அதற்கு முந்தைய தலைமுறையில் இந்தக் கேள்வியே எழவில்லை. பாட்டிக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீடுதான் தறிக்கூடம். குழித்தறியில் தாத்தா, கோர்வை வாங்க சித்தப்பா, நூல் சுற்றவும் பாவு பிணைக்கவும் பாட்டி. விடிவதற்கு முன்பே தெருவில் பாவு நீட்டியாக வேண்டும், அதற்கும் முன்பே பெண்கள் ஒதுக்குப்புறம் போய்வந்துவிட வேண்டும். "எங்களுக்கு இருட்டுதான்டா கதவு" என்பார் பாட்டி. விடியலைத் தவறவிட்டால் அடுத்து அந்திவரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். காஞ்சிபுரத்துக்கு 1866இலேயே நகராட்சி வந்துவிட்டது. வசதியான வீடுகளில் எடுப்புக் கக்கூஸும் இருந்தது. அதைச் சுமந்துபோனது எந்தச் சாதி, அதிலும் எத்தனை பெண்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். எடுப்புக் கக்கூஸ் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது, அது போதாமல் 2013இல் இன்னொன்று.

கழிப்பறை இல்லாதது பெண்களை வீட்டோடு கட்டிப்போட்டது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. விக்டோரியா காலத்து லண்டனில் ஆண்களுக்குத் தெருவுக்குத் தெரு கழிப்பிடம் வந்தது. பெண்கள் வெளியே போகும் தூரத்தை அவர்களுடைய மூத்திரப்பைதான் தீர்மானித்தது. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அங்கே உள்ளாட்சி உறுப்பினராக இருந்தபோது கேம்டனில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டச்சொல்லி மல்லுக்கட்டினார். இடம் சரிவருமா என்று பார்க்க மாதிரிக்கு ஒரு மரக்கூண்டை வைத்தார்கள். வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே அதில் கொண்டுபோய் இடித்தார்களாம், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நிரூபிக்க! ஷா பதவியைவிட்டுப் போன பிறகுதான் அந்தக் கழிப்பறை வந்தது.

அமெரிக்காவில் வேலையிடங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்ற முதல் சட்டம் 1887இல் மாசசூசெட்ஸில் வந்தது. 1920க்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. இதற்குப் பின்னால் நல்லெண்ணம் மட்டும் இல்லை, பெண் பலவீனமானவள், அவளை மூடி வைத்துக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் எழுதுகிறார்கள். படித்தபோது சரி என்றுதான் பட்டது. ஆனால் அத்தையை நினைத்துப் பார்த்தால், காரணம் எதுவாக இருந்தாலும் ஒரு கதவு இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

நம் நாட்டில் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 19ஆம் பிரிவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் மறைப்புள்ள தனித்தனிக் கழிப்பிடம், வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம் செய்ய ஆள் என்று எல்லாவற்றையும் தெளிவாகவே சொன்னது. ஆனால் அது பொருந்தியது, மின்சாரம் இருந்தால் 10 தொழிலாளர், இல்லாவிட்டால் 20 தொழிலாளர் இருக்கும் இடத்துக்கு. பாட்டியின் தறிவீடு அந்தக் கணக்கில் வரவில்லை. அத்தையின் கடையில் ஆள் கணக்கு சரியாக வந்தாலும் அது தொழிற்சாலை கிடையாது. ஊரின் மொத்தப் பட்டுத் தொழிலும் இந்த ஓட்டை வழியாக வெளியே நின்றது.

கடைப் பெண்களுக்கான சண்டை கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருவில் ஆரம்பித்தது. பி. விஜி என்ற தையல்காரப் பெண் 2009 வாக்கில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை. அந்தத் தெருக் கடைகளிலும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல்தான் நின்றார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். திருச்சூரில் ஒரு சேலைக்கடைப் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில் போராடினார்கள். 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடு தன் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. நமக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 'அங்காடித் தெரு' 2010லேயே வந்துவிட்டது. அதில் பாழடைந்த பொதுக் கழிப்பறையைக் கழுவி, காசு வாங்கிப் பிழைக்கும் ஆள் ஞாபகமிருக்கிறதா? ரங்கநாதன் தெருவின் பொருளாதாரத்தை அந்த ஒரு காட்சியில் புரிந்துகொண்டேன்.

1948இல் சட்டத்துக்கு இரண்டு கதவுகள்தான் தெரிந்தன. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்று ஏற்று, திருநர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் வேண்டும் என்றும் சொன்னது. பணியிடப் பாதுகாப்புக்கான 2020ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டம் கழிப்பிடம், குளியலிடம், லாக்கர் அறை என எல்லாவற்றுக்கும் ஆண், பெண், திருநர் என்று மூன்றாக எழுதியிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21இல். அதற்குள் அதே வருஷம் ஜனவரியில், நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநர் என நால்வருக்கும் தனிக் கழிப்பறை கட்டச் சொன்னார்கள். அதாவது சட்டம் சொல்லும் இடங்களிலேயே அதுவரை இல்லை. ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வேறு பாதையில் போனது. அவர்களுடைய சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்றது.

என் அலுவலக அணியில் ஒரு திருநங்கை இருந்தார். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது கதவு ஏழாவது மாடியில் மட்டும். நாங்கள் உட்கார்ந்தது இரண்டாவது மாடி. நல்ல ஏற்பாடுதானே என்று உளறிவைத்தேன். "அந்தக் கதவைத் திறந்தா நான் யாருன்னு ஃப்ளோர் முழுக்க அனௌன்ஸ் பண்ண மாதிரி. அதுக்கு நான் வீட்டுக்குப் போய்டுவேன்" என்றார். அவரும் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இதே நாட்டில் ரயில் பெட்டிக் கழிப்பறையை எல்லோரும்தான் பயன்படுத்துகிறோம். அங்கே முழுக்கதவு, உள்ளே தாழ்ப்பாள், ஒரு நேரத்தில் ஒருவர். நாற்றத்தைத் தவிர வேறு பிரச்சினை பெரிதாக வந்ததில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் அப்படிச் சில அறைகளையும் கட்டலாம் என்பது என் கட்சி. பெண்களுக்கான தனியறையை எடுத்துவிட்டு அல்ல, அதோடு சேர்த்து.

கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் வெளியே இருந்த 48 நாளும் எங்கள் ஊரின் மொத்தப் பேச்சும் வரிசை பற்றித்தான். ஒரு கோடிப் பேர் வந்ததாகச் சொன்னார்கள். ஒரே அளவு இடத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் பிரித்துக் கொடுத்தால் அது சமம் ஆகாது. ஆண்கள் பக்கம் சுவரோரம் கூடுதலாக நாலு பேர் நிற்கலாம். பெண்களுக்கு ஆளுக்கொரு அறை, நேரமும் அதிகம், பல சமயம் இடுப்பில் குழந்தை வேறு. சர்வரில் லோடு பார்க்கிற எவனுக்கும் இது புரியும். நியூயார்க் நகரம் 2005இல், புதிதாகக் கட்டும் அரங்குகளில் பெண்களுக்கு இரண்டு மடங்கு கழிப்பறை வேண்டும் என்று சட்டமே போட்டது.

உடை மாற்றும் அறை காஞ்சிபுரத்துக்குப் புதுசு. சேலைக்கு அது தேவைப்பட்டதில்லை. கண்ணாடி முன்னால் உடுத்தியிருப்பதன் மேலேயே கடைப் பெண் முந்தானையைச் சுற்றிக் காட்டுவார். ரெடிமேட் பிளவுஸும் சுடிதாரும் வந்தபிறகுதான் பட்டுக் கடை மூலையில் திரை தொங்கியது. தீர்த்தக்கரைகளில் கதை வேறு. அங்கே ஈரத்துணியோடு நிற்கும் பெண்ணுக்கு நாலு சுவர் வேண்டும். 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே தனியார் உடை மாற்றும் அறை ஒன்றில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டு இருவர் கைதானார்கள். ஒளிந்து படமெடுப்பது 2013 முதல் தனிக் குற்றம். அன்று 354-சி, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 77. சுவர் கட்டினால் போதாது, அந்தச் சுவர் யார் பொறுப்பில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன தையில் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். வேறு கடை, நாலு மாடி, லிஃப்ட். அத்தை ஒரு புடவையைக்கூடத் தொடாமல் முதலில் பின்பக்கம் போனார். ஐந்து நிமிஷம் கழித்து வந்து, "தாழ்ப்பாள் இருக்கு, சாவி இல்ல" என்று என் காதில் சொன்னார். எங்களுக்குப் புடவை காட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

"காலைலேருந்து தண்ணி குடிச்சியாம்மா?" என்று அத்தை கேட்டார்.

அவள் சூப்பர்வைசர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அரக்குல இன்னொரு டிசைன் இருக்கு ஆன்ட்டி, காட்டட்டுமா?" என்றாள்.