கவைக்கோலும் நிலத்தடி நீரும்

கோடை முற்றிய நாட்களில் தக்காணத்துச் சிற்றூர்களில் ஒரு காட்சியைக் காணலாம். வேம்பின் கவைக்கொம்பை இரு கைகளாலும் பற்றியவாறு ஒருவர் வயலின் குறுக்கே மெல்ல நடப்பார். வேறு சிலர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு நடப்பர். ஓரிடத்தில் கோல் சட்டென்று தாழும். தேங்காய் நிமிர்ந்து நிற்கும். அங்கே ஒரு கல்லை நட்டு, நிலத்துக்குரியவர் கடன் வாங்கிக் கிணறு தோண்டத் தொடங்குவார். நீரோட்டம் பார்த்தல் என்று தமிழ்நாட்டில் நாம் அறிந்த வழக்கமே இது. வெளி மாநிலங்களில் மனை வாங்கி வீடு கட்டும் நம்மவர்களும் இதைச் சந்திக்க நேரிடுகிறது. இதில் உண்மை உண்டா? வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம்.

நம் நாட்டில் நிலத்தடி நீரைப் பற்றி விரிவாக எழுதிய பழைய ஆசிரியருள் முதன்மையானவர் வராகமிகிரர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் அவந்தி நாட்டில் வாழ்ந்த அவர், தமது பிருகத் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மனித உடலில் நாளங்கள் ஓடுவதுபோல் பூமிக்குள்ளும் நீர் நாளங்கள் ஓடுகின்றன என்பது அவர் கருத்து. மரங்கள், கரையான் புற்றுகள், மண்ணின் நிறம் ஆகியவற்றை அவர் அடையாளங்களாகக் கூறுகிறார். நீரற்ற நிலத்தில் பிரம்பு வளர்ந்திருந்தால், அதற்கு மேற்கே மூன்று முழத் தொலைவில், கை தூக்கி நிற்கும் ஆளின் உயரம்போல் ஒன்றரை மடங்கு ஆழத்தில் நீர் உண்டு என்பது அவர் விதிகளுள் ஒன்று. தோண்டும்போது இடையே வெளிறிய தவளையும், பின்னர் மஞ்சள் மண்ணும், அடுக்குப் பாறையும் தென்படும் என்றும் எழுதினார். தவளையை நாம் நம்ப வேண்டுவதில்லை. ஆயினும் மரமும் புற்றும் ஈரத்தை நாடுவன என்பது மெய். அன்றியும், தோண்டுவோன் தன் கண்ணாலேயே சரிபார்க்கத்தக்க விதிகள் அவை. அவ்வத்தியாயத்தில் கோலுக்கு இடமில்லை.

கவைக்கோலைப் பற்றிய தெளிவான பழைய வருணனை ஒன்று ஜெர்மானியச் சுரங்கங்களிலிருந்து கிடைக்கிறது. சுரங்கத் தொழிலைப் பற்றி அக்ரிகோலா எழுதி 1556-இல் வெளிவந்த நூலில், உலோகத் தாதுவைத் தேடக் கோல் பிடிப்போரைக் காண்கிறோம். தேர்ந்த தொழிலாளிக்குக் கோல் வேண்டுவதில்லை, இயற்கையின் அடையாளங்களே போதும் என்பது அவர் முடிபு. 1692-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜாக் எமார் என்பவர் கோலைக்கொண்டு கொலையாளியையே கண்டுபிடித்ததாகப் புகழ் பெற்றார். ஆனால் பாரிசில் கோந்தே இளவரசர் முன்னிலையில் நடந்த சோதனைகளில் அவர் கோல் பொய்த்தது.

அவ்வாறாயின் கோல் அசைவது ஏமாற்று வித்தையா? அன்று. இதனை விளக்கியவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர். நூலில் கட்டிய ஊசல் ஒன்று பாதரசத்தின்மேல் தானே ஆடுவதை அவர் தம் கையிலேயே கண்டார். கண்ணை மூடியதும் ஆட்டம் நின்றது. எதிர்பார்ப்பே தசையை அசைக்கிறது, அசைப்பவனுக்கு அது தெரிவதில்லை என்று 1833-இல் எழுதினார். எனவே நீரோட்டம் பார்ப்பவர் பொய்யர் அல்லர். கோல் தாழ்வது மெய். தாழ்த்துவது அவரையறியாத அவர் கையே.

எனினும் அவர் குறித்த இடத்தில் நீர் கிடைத்ததே என்பார்கள். இங்கேதான் நிலத்தின் இயல்பை நோக்க வேண்டும். கங்கைச் சமவெளியின் வண்டலில் பெரும்பாலும் எங்கே தோண்டினாலும் நீர் ஊறும். அங்குக் கோல் வெல்வது வியப்பன்று. தக்காணத்தின் எரிமலைப் பாறையிலும் தெலுங்கானத்தின் கருங்கல்லிலும் நீர் ஆறுபோல் ஓடுவதில்லை. சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் தங்குகிறது. ஒரு கிணறு நிறைய, அருகிலேயே மற்றொன்று வறண்டு போகும். வென்ற கிணற்றை ஊர் பேசும். வறண்ட கிணற்றைக் கடன்காரன் மட்டுமே நினைவில் வைப்பான்.

கோலுக்குச் சாதகமான சான்றையும் மறைத்தல் தகாது. இலங்கையின் வறண்ட பகுதிகளில் ஜெர்மானிய உதவித் திட்டத்தில் தோண்டிய 691 கிணறுகளில் 96 விழுக்காடு வெற்றி என்று பெட்ஸ் என்னும் இயற்பியலறிஞர் 1995-இல் எழுதினார். ஆனால் கோல் சுட்டாத இடங்களையும் அங்கே தோண்டி ஒப்பிடவில்லை. நிலத்தை நன்கறிந்த கண்ணும் கோலும் சேர்ந்தே நடந்தன. வென்றது எது என்று எவ்வாறு பிரிப்பது? கண்ணை விலக்கிக் கோலை மட்டும் சோதித்தவரும் அவர் குழுவினரே. 1980-களின் பிற்பகுதியில் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் நீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் 43 பேரைக் கொண்டு 843 முறை தேடச் செய்தனர். சிலருக்கு ஆற்றல் உண்டு என்று குழுவினர் முடிவு செய்தனர். அதே எண்களை 1999-இல் மறுபடி ஆராய்ந்த என்ரைட், பெரும்பாலோர்க்கு ஏதும் தெரியவில்லை என்றும், சிறந்தவர்களும் எப்போதும் நடுவிடத்தையே சுட்டுவதைவிட மேலாகச் செய்யவில்லை என்றும் காட்டினார்.

1912-இல் ஷ்லும்பெர்ஜர் தொடங்கிய மின்தடை அளவை முறை வேறு வகையானது. தரையில் மின்சாரம் செலுத்தி, கீழுள்ள அடுக்குகள் அதனை எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பர். வறண்ட பாறை மிகுதியாகத் தடுக்கும். ஈரம் தேங்கிய சிதைந்த பாறை குறைவாகத் தடுக்கும். களிமண்ணும் உவர்நீரும் இக்கருவியையும் ஏமாற்றக்கூடும். ஆனால் அதன் தவறு எண்ணாகப் பதிவாகிறது. அடுத்த கிணற்றுக்கு அது பாடமாகிறது. கோலின் தவறு எங்கும் பதிவாவதில்லை. 1970-இல் அப்பெயர் பெற்ற மத்திய நிலத்தடி நீர் வாரியம், அளந்து குறித்தவற்றைப் படங்களாகவும் அறிக்கைகளாகவும் வெளியிட்டு வருகிறது.

ஆகவே நீரோட்டம் பார்ப்பவரை இகழ வேண்டுவதில்லை. அவர் பலகாலம் நடந்து பழகிய நிலத்தைப் பற்றி, மரத்தையும் புற்றையும் பக்கத்துக் கிணறுகளையும் பற்றிக் கேளுங்கள். அந்த அறிவு வராகமிகிரரின் மரபு. கையிலுள்ள கோலை மட்டும் கீழே வைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். கல் நட்ட இடத்தில் புதைவது ஒரு குடும்பத்தின் சேமிப்பு. நீர் கிடைத்ததா என்று கேட்பதோடு, கோல் இல்லாதிருந்தால் கிடைத்திராதா என்றும் கேட்கப் பழகுவோமானால், அச்சேமிப்புக்கு அதுவே முதற் காவல்.