விலையை முதலில் சொன்னவர்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் இலக்கிய வட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய சிற்றிதழ்களைப் படியெடுத்துச் சேமித்து வைப்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பதிவு செய்திருந்த தளப்பெயர் ஒன்று உண்டு. பழந்தமிழ்ச் சொல் ஒன்று. அதன் வால் 'டாட் இன்'. அதே சொல்லைத் தன் புதிய தயாரிப்புக்குச் சூட்டியிருந்த ஒரு வணிக நிறுவனம், அப்பெயரை வாங்க விரும்புவதாகவும், எதிர்பார்க்கும் விலையைத் தெரிவித்தால் மேற்கொண்டு பேசலாம் என்றும் மிகப் பணிவாக எழுதியிருந்தது. எங்களுக்குள் உடனே கணக்குத் தொடங்கிவிட்டது. ஒரு இலட்சம் என்றார் ஒருவர். ஐந்து கேட்டால் வாடகை நூலகத்தைச் சொந்த இடத்துக்கு மாற்றலாம் என்றார் இன்னொருவர். பதில் எழுதி, அனுப்புவதற்கு முன் வழக்குரைஞரான நண்பரிடம் காட்டினோம். அவர் முழுதும் படிக்கவில்லை. "எழுதியதெல்லாம் சரி, அந்த எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றார்.

நம் ஊர் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதே அங்குள்ள காரணம். தளப்பெயர்ச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவதற்குக் காரணம் வேறு. இங்கே சொன்ன விலை சொன்னவனுக்கு எதிரான சான்றாக மாறக்கூடும். அந்த நிலை எப்படி வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததே இக்கட்டுரை.

தளப்பெயர் முறையை 1983-இல் பால் மொகாபெட்ரிஸ் வகுத்தார். எண்களாலான கணினி முகவரிகளை மனிதர் நினைவில் கொள்வது கடினம். ஆகவே எண்ணுக்கு ஒரு பெயர். நோக்கம் அவ்வளவே. 1985 மார்ச் 15 அன்று முதல் 'டாட் காம்' பெயராக 'சிம்பாலிக்ஸ்.காம்' பதிவாயிற்று. அதன்பின் பத்தாண்டுகள் பதிவுக்குக் கட்டணம் இல்லை. முதலில் கேட்டவருக்கு முதலில் கிடைக்கும் என்பதே விதி. 1995 செப்டம்பரில்தான் ஈராண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். ஒன்றுமில்லாமல் கிடைத்த ஒரு பொருளுக்கு விலை உண்டு என்று தோன்றத் தொடங்கியது அந்த இடைவெளியில்தான்.

அதை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் ஜோஷுவா க்விட்னர் என்ற பத்திரிகையாளர். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் பெயரைப் பதிவு செய்யவில்லை என்பதைக் கண்டு, அந்நிறுவனத்தையே அழைத்து விசாரித்தார். அக்கறை காட்டுவார் இல்லை. தம் பெயரில் 'மெக்டொனால்ட்ஸ்.காம்' பதிவு செய்துகொண்டு, இதை வைத்து என்ன செய்யலாம் என்று வாசகர்களையே கேட்டு 1994 அக்டோபர் 'வயர்டு' இதழில் எழுதினார். நிறுவனம் விழித்துக்கொண்டது. தமக்கென்று அவர் எதுவும் கேட்கவில்லை. புருக்ளினில் உள்ள ஒரு பள்ளிக்குக் கணினி வசதி செய்து தரச் சொன்னார்; 3,500 டாலரோடு முடிந்தது. குறும்பும் நல்லெண்ணமும் கலந்த அந்த முடிவைப் படிக்கையில் இப்போதும் புன்னகை வருகிறது. வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. அப்படி ஒரு முடிவு பின்னால் வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை.

இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த டென்னிஸ் டோப்பன் கதை வேறு. இவர் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பதிந்து வைத்திருந்தார். விமான நிறுவனங்கள், பெரும் அங்காடிகள் எனப் பலவும் அதில் அடக்கம். திரைப்படக் கருவிகள் செய்யும் பனாவிஷன் நிறுவனம் 1995-இல் தன் பெயரைப் பதியச் சென்றபோது அது டோப்பன் கையில் இருந்தது. அந்தத் தளத்தில் அவர் வைத்திருந்தவை 'பானா' என்ற சிற்றூரின் படங்கள். பானாவின் காட்சி, ஆகவே பனாவிஷன்! சிலேடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் வழக்குரைஞர் கடிதம் எழுதியதும் அவர் 13,000 டாலர் கேட்டுப் பதில் எழுதினார். அதைக் கொடுத்தால் அந்நிறுவனம் உரிமை கோரும் வேறு பெயர்களைப் பதிய மாட்டேன் என்ற உறுதியும் அதில் இருந்தது. நிறுவனம் மறுத்தது. அவர் அதன் இன்னொரு வணிகக் குறியான பனாஃப்ளெக்ஸையும் பதிந்து, அந்தப் பக்கத்தில் 'ஹலோ' என்ற ஒரே சொல்லை வைத்தார்.

வழக்கு கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போயிற்று. டோப்பனின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெயரைப் பதிந்தேன், எதையும் விற்கவில்லை, பனாவிஷன் என்று சொல்லி யாரையும் ஏமாற்றவில்லை, ஊர்ப்படம் வைப்பது வணிகமா? அன்றைய சட்டம் வணிகப் பயன்பாட்டைத்தான் தடுத்தது. வெறுமனே பதிவு செய்வது வணிகம் ஆகாது என்பதை நீதிமன்றமும் ஏற்றது. 1998 ஏப்ரலில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த விடையில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. பிறர் குறிகளைப் பெயராகப் பதிந்து அவர்களுக்கே விற்க முனைவதுதான் இவரது வணிகம் என்றது நீதிமன்றம். படங்களுக்கு அங்கே பொருளில்லை. 13,000 என்ற எண் எழுதப்பட்ட அந்தக் கடிதம் இல்லாதிருந்தால் வழக்கு இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. விலை கேட்டதே பயன்பாடு, பயன்பாடே குற்றம் என்று ஆயிற்று.

டோப்பனுக்காக நாம் இரங்கவில்லை. பிறர் வீட்டு வாசலில் குந்திக்கொண்டு வாடகை கேட்பவரை ஆதரிப்பதற்கில்லை. நம் கவலை, அவருக்காகச் செய்த வலை பிறகு யார் யார் மீது விழுந்தது என்பதுதான்.

1999-இல் அந்த வலை இரண்டு வடிவில் எழுத்தாயிற்று. ஒன்று, அமெரிக்கா நவம்பரில் இயற்றிய தனிச்சட்டம். ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க அது வழி செய்தது. மற்றொன்று, பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு கொண்டுவந்த, உலகெங்கும் செல்லும் தீர்ப்பாய விதி. இவ்விதியில் பணத்தண்டனை கிடையாது. பெயர் கைமாறும் அல்லது நீக்கப்படும். தீய நோக்கத்துக்கு அடையாளங்கள் எவை என்று அது ஒரு பட்டியல் தருகிறது. முதல் அடையாளமே, பதிவுக்கு உண்மையில் ஆன செலவைவிடக் கூடுதலான தொகைக்குக் குறியின் உரிமையாளரிடமோ அவரது போட்டியாளரிடமோ விற்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு பதிந்திருப்பது. ஒருவர் மனத்திலிருந்த நோக்கத்தை எப்படி அறிவது? அவர் வாயிலிருந்து வந்த எண்ணைக் கொண்டுதான். இவ்விதியின் கீழ்த் தொடுக்கப்பட்ட முதல் வழக்கு அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒன்றின் பெயரைப் பற்றியது. பதிந்த மூன்றாம் நாளே அந்நிறுவனத்துக்கு எழுதி விற்பனைப் பேச்சைத் தொடங்கியிருந்தார் கலிபோர்னியாக்காரர் ஒருவர். பின்னர்க் கேட்டது 1,000 டாலர். 2000 ஜனவரியில் பெயர் நிறுவனத்துக்கே போயிற்று.

அடுத்துச் சொல்லவேண்டியவர், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரில் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயது மாணவர் மைக் ரோ. இணையத்தளங்கள் வடிவமைத்துக் கைச்செலவுக்குச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், 2003-இல் தம் பெயரோடு 'சாஃப்ட்' சேர்த்து மைக்ரோசாஃப்ட்.காம் மாதிரியே ஒலிக்கும் பெயரைப் பதிந்தார். வேடிக்கையாகத்தான். மைக்ரோசாஃப்டின் வழக்குரைஞர்கள் பெயரை ஒப்படைக்கக் கேட்டு எழுதினார்கள். பதிலுக்கு அவர்கள் தர முன்வந்த தொகை 10 டாலர். பலரும் இதை உலகப் பெரும் பணக்கார நிறுவனத்தின் கஞ்சத்தனம் என்று எழுதினார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையில் ஆன செலவு என்று விதி சொல்லும் அந்த அளவைத்தான் நிறுவனம் நீட்டியது. பையனுக்கு விதி தெரியாது, கோபம் வந்தது, 10,000 டாலர் கேட்டு எழுதிவிட்டார். 2004 ஜனவரியில் இருபத்தைந்து பக்கக் கடிதம் ஒன்று அவர் வீட்டுக்கு வந்தது. பணம் பறிப்பதே அவரது தொடக்க நோக்கம் என்று அதில் குற்றச்சாட்டு. சான்று, அவரே எழுதிய எண்.

அவரைக் காப்பாற்றியது சட்டம் இல்லை, செய்தி. இணையத்தில் கதை பரவ, முகம் தெரியாதவர்கள் நன்கொடை அனுப்ப, நிறுவனம் இறங்கி வந்தது. தாங்கள் சற்று மிகையாக எடுத்துக்கொண்டுவிட்டதாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள். செலவுத் தொகை, ஒரு எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி, பயிற்சி வகுப்புகள் என்று சமரசம் ஆயிற்று. செய்தியாளர் கண்ணில் படாத எத்தனை மைக் ரோக்கள் பெயரையும் கொடுத்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இதே காலத்தில் இதே சந்தையின் மறுபக்கத்தில் நடந்தது வேறு நாடகம். மார்க் ஆஸ்ட்ரோஃப்ஸ்கி என்பவர் 1997-இல் 1,50,000 டாலருக்கு வாங்கிய 'பிசினஸ்.காம்' 1999-இல் 75 இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. யாரும் அவரைத் தீய நோக்கம் உடையவர் என்று சொல்லவில்லை. 'பிசினஸ்' அகராதிச் சொல், எவருக்கும் சொந்தமில்லை, ஆகவே எவரும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அகராதியில் உள்ள சொல்லை ஐம்பது மடங்கு இலாபத்துக்கு விற்றவர் சாமர்த்தியசாலி, தன் பெயரை வைத்துச் சொல்விளையாட்டு ஆடிய மாணவன் பறிப்பவன். சட்டத்தின் தர்க்கம் நமக்குப் புரியாமல் இல்லை. புரிந்தபின்னும் நெருடுகிறது.

துண்டுக்கடிப் பேரத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதுவும் விவசாயிகள் செய்தது. அமெரிக்கப் பண்ணையாளர் கூட்டமைப்பிடம், அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளாலான 'எஃப்பி.காம்' இருந்தது. ஃபேஸ்புக்குக்கு அது தேவைப்பட்டது. 2010-இல் பெயர் கைமாறியது. 2011 ஜனவரியில் கூட்டமைப்பு தன் ஆண்டுக் கூட்டத்தில், ஓரிரு தளப்பெயர்களை விற்றதில் 85 இலட்சம் டாலர் வந்ததாக அறிவித்தது. அதற்குமேல் பேச ஒப்பந்தம் தடை என்றும் சொல்லிவிட்டது.

விற்காமலே இருந்தவரும் உண்டு. ஊசி நிசான் என்பவரின் குடும்பப் பெயரே நிசான். வட கரோலினாவில் 1980 முதல் அப்பெயரில் தொழில் நடத்தியவர், 1994-இல் 'நிசான்.காம்' பதிந்தார். ஜப்பானிய வாகன நிறுவனம் 1999-இல் வாங்கக் கேட்டது, பேச்சு முறிந்தது, அந்த டிசம்பரிலேயே ஒரு கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்கு வந்தது. தளத்தில் வாகன விளம்பரம் வைத்தது தவறு என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு அவர் சேமிப்பைத் தின்றது. 2020-இல் கொரோனாவில் இறக்கும்வரை பெயர் அவரிடமே இருந்தது. தாத்தன் பெயரைத் தனக்கிட்டு வழங்கும் வழக்கமுடைய நமக்கு அவரது பிடிவாதம் அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே தளப்பெயருக்கென்று தனிச்சட்டம் இல்லை. சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து 'சிஃபி' என்று ஒரு சொல்லை உண்டாக்கியிருந்தது. 'சிஃப்பிநெட்' பதிந்த வேறொரு நிறுவனம், அது தங்கள் நிறுவனர் ஐவரின் முதலெழுத்துகள் என்றது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை நம்பவில்லை. தளப்பெயருக்கும் வணிகக் குறிச் சட்டத்தின் காப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. 'டாட் இன்' பெயர்களுக்கான தீர்ப்பாய விதி 2005-இல் வந்தது. ஐகான் விதியின் அச்சே. விலையைப் பற்றிய அடையாளமும் அப்படியே உள்ளது. ஒரே ஒரு சொல் வேறு. தீய நோக்கத்தோடு பதிந்திருக்கவும் வேண்டும், பயன்படுத்தவும் வேண்டும் என்பது ஐகான் விதி. பதிந்திருந்தாலோ பயன்படுத்தினாலோ போதும் என்பது இந்திய விதி. எண்ணும்மைக்கும் விகற்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அது நம் தலையில் விழும் என்று எண்ணியதில்லை.

நண்பர் விளக்கியது இதைத்தான். அந்த நிறுவனம் பிறப்பதற்கு முன்பே நாங்கள் பதிந்துவிட்டோம். ஐகான் விதியில் அதுவே பெரும் அரண். 'டாட் இன்' விதியிலோ இன்றைய நடத்தையைக் கொண்டே வழக்குப் பேசலாம். ஐந்து இலட்சம் என்று நாமே எழுதிக் கொடுத்த காகிதத்தை எதற்காக அவர்கள் கோப்பில் சேர்க்க வேண்டும்? கேட்டவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். கோப்பு வேறொருவர் கைக்குப் போகலாம்.

ஆகவே நான்கு வரியில் பதில் எழுதினோம். இப்பெயரில் இன்ன ஆண்டு முதல் இன்ன இதழ்களைச் சேமித்து வருகிறோம். விற்கும் எண்ணம் இல்லை. தங்கள் தரப்பில் முன்மொழிவு இருந்தால் எழுத்தில் தாருங்கள், வட்டத்தின் கூட்டத்தில் வைக்கிறோம். நூலகத்துக்கு இடம் வாங்கும் ஆசையுடையவர் மட்டும் அந்த வரிகளைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மறுபடி அவர்களிடமிருந்து கடிதம் இல்லை. கார்த்திகையில் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டினோம்.