பங்காளி ரொட்டி

யோங் பெங்கைப் பலருக்கும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் பெயர்ப்பலகையாகத்தான் தெரியும். வண்டியைத் திருப்பி ஊருக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் பூச்சோவ் சீனர்களின் சாப்பாட்டுக்காக வருவார்கள். அதில் ஒன்று கோங் பியாங். உள்ளங்கை அகல ரொட்டி, மேலே எள், நடுவில் ஓட்டை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ரொட்டியில்தான் வீட்டில் இத்தாலிய சாண்ட்விச் செய்தேன். குறுக்கே பிளந்து, தக்காளி ஈரம் இறங்காமலிருக்க அடியில் சீஸ், அதன்மேல் வதக்கிய கோழி, தக்காளி, ஓலிவ், மறுபடியும் சீஸ். ஓவனில் 200 டிகிரி. அலுமினியத் தாள் மூடிப் பத்து நிமிடம், திறந்து மூன்று நிமிடம். பாரிட் ராஜாவில் நான்கு வருடம் பொறியியல் படித்தது இதற்காவது உதவியது.

பாட்டி தட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்குடா காய்ச்சல்?" என்றார். அவருக்குக் கடை ரொட்டி என்றால் நோயாளிச் சாப்பாடு. வரக்கோப்பியில் தோய்த்துக் கொடுப்பது.

ஆனால் ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்துச் சாப்பிட்டவர்கள் நல்ல உடம்போடு உழைத்தவர்கள். கோங் பியாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் பூஜியன் கரையில் கடற்கொள்ளையரோடு போரிட்ட மிங் தளபதி சீ ஜிகுவாங், தன் வீரர்கள் சமைக்க நிற்காமல் நடக்கவேண்டுமென்று ரொட்டியில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து மாட்டச் செய்தாராம். அவர் பெயரின் கடைசி எழுத்துதான் ரொட்டியின் பெயரில் இருக்கிறது. பூச்சோவ் மக்கள் 1901இல் சிபுவுக்கும் 1903இல் சித்தியவானுக்கும் கூட்டமாகக் குடியேறினார்கள். ரொட்டியும் கூடவே வந்தது. சிபுவில் அதைப் பிளந்து இறைச்சி வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சிலும் ஒரு வட்ட ரொட்டி, அதன் மேலும் எள். பெயர் முஃபுலெட்டா. 1906இல் சால்வத்தோரே லூப்போ என்ற சிசிலிக்காரர் சென்ட்ரல் குரோசரி என்ற மளிகைக்கடையைத் திறந்தார். பக்கத்துச் சந்தையில் காய்கறி விற்ற சிசிலி விவசாயிகள் ரொட்டி, இறைச்சி, சீஸ், ஓலிவ் எல்லாம் தனித்தனியாக வாங்கி, பெட்டிமேல் உட்கார்ந்து மடியில் வைத்துத் தடுமாறுவார்களாம். எல்லாவற்றையும் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார் லூப்போ. இன்று சில கடைகளில் அதைச் சூடாக்கியும் தருகிறார்கள்.

நம்மவர்களிடமும் ஒன்று உண்டு. பினாங்கின் 'ரொட்டி பெங்காலி'. வங்காளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1928இல் தொடங்கிய பிரிட்டிஷ் மலாயா பேக்கரியில் (பின்னாளில் இஸ்மாலியா பேக்கரி) தொழிலாளர்களுக்கும் பங்கு இருந்ததால் 'பங்காளி ரொட்டி' என்றார்கள், அதுவே பெங்காலி ஆனது என்பார்கள்.

மூன்றுமே சொல்லக்கேள்விக் கதைகள். ஆனால் அவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்க ஒரு தளபதியின் பெயரோ, ஒரு கடையோ இருந்தது. இதைப் பாட்டியிடம் விளக்கினேன். மென்றுகொண்டே கேட்டவர், "நாங்க மட்டும் என்னவாம்?" என்றார்.

விடியுமுன் மரம் வெட்டி முடித்து, பால் வடியும்வரை காத்திருக்கும் நேரத்தில் கித்தா மரத்தடியில் பசியாறுவார்களாம். முதல் நாள் இரவு தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட கோதுமை மாவு ரொட்டி இரண்டு. நடுவில் நெத்திலி சம்பல். கையெல்லாம் பால் ஒட்டியிருக்கும், பிட்டுத் தொட்டுக்கொள்ள முடியாது. அதனால் அப்படியே சேர்த்துக் கடிப்பது.

"நாங்களும் ரெண்டு ரொட்டிக்கு நடுவுல வெச்சித்தான் தின்னோம். அதுக்கு எவன் பேரு வெச்சான்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்கள் இல்லை. கடை என்று ஒன்று இருந்ததே இல்லை. இருபத்தெட்டு வயதுவரை நானும் கேட்டதில்லை. தளபதி கதையைத் தேடிப் படித்த எனக்கு, ஒரே வீட்டிலிருந்த இந்தக் கதை தெரியாது.

அடுத்த ஞாயிறு தேங்காய்ப்பூ ரொட்டி, நெத்திலி சம்பல். பாட்டி அளவு சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப் போகிறேன். "அளவெல்லாம் ஏதுடா, கைதான்" என்கிறார். கையை அளந்துகொள்ளலாம்.