பதக்கமும் மூன்று படிகளும்

2021 ஆகஸ்ட் 30. நாடே ஊரடங்கில் கிடந்த நேரம். டோக்கியோவில் டினேஷ் பிரியந்த ஹேரத் எறிந்த ஈட்டி 67.79 மீற்றரில் போய்க் குத்தியது. உலக சாதனை. பரா ஒலிம்பிக்கில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அதே நாள் டுலான் கொடித்துவக்கு வெண்கலமும் எடுத்தார். அதற்கு முன்பே 2012இல், லண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றரில் ஒரு வெண்கலம் வென்றிருந்தார். அதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம் எண்டு தெரியேல்லை.

ஹேரத் யுத்தத்தில் காயப்பட்ட இராணுவ வீரர். அவரின்ர உழைப்பில் குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனா அதே யுத்தத்தில் கை, கால், கண் இழந்த சனம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கு. அவையளுக்கு மேடையும் இல்லை, கொடியும் இல்லை. அவையளிலை கனபேருக்குத் தேவையானது பதக்கத்தை விடச் சின்ன விஷயம்: அலுவலுக்குப் போற கட்டடத்துக்குள்ள போக ஒரு வழி.

இந்த வழிக்கு ஒரு வரலாறு இருக்கு. அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வியிலோ பாகுபாடு காட்டக்கூடாது, பொதுக் கட்டடங்களுக்குள் போவதைத் தடுக்கக்கூடாது என்றது. ஆனால் கட்டடம் எப்படி இருக்கவேணும் எண்ட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வர 2006 ஒக்டோபர் ஆகிவிட்டது. பத்து வருசம். ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களைத் திருத்த மூன்று வருச அவகாசமும் குடுத்தார்கள். திருத்தினவை கொஞ்சப் பேர்தான்.

இங்கேதான் அஜித் சி. எஸ். பெரேராவைப் பற்றிச் சொல்லவேணும். இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர், எழுத்தாளர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவரின்ர காருக்கு மேல வீதியோர மரம் ஒண்டு முறிஞ்சு விழுந்தது. அதுக்குப் பிறகு சக்கர நாற்காலி. நேற்றுவரை சாதாரணமாப் போய்வந்த வங்கியும் கடையும் மலசலகூடமும் ஒரே நாளில் மூடிக்கொண்ட மாதிரி. அவர் இரக்கம் கேட்கவில்லை. 2009இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார். 2011 ஏப்ரல் 27இல் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் அந்த ஒழுங்குவிதிகளின்படியே இருக்கவேணும் எனக் கட்டளையிட்டது. ஈட்டி எறிந்த தூரத்தைச் சொல்லத் தெரிந்த எங்களில் எத்தனை பேருக்கு இந்தத் திகதி தெரியும்?

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏதாவதொரு இயலாமை உள்ளவர்கள் 16 இலட்சத்துக்கும் அதிகம். ஐ.நா. சமவாயத்தில் 2007இல் கையெழுத்திட்ட இலங்கை, அதை உறுதிப்படுத்தியது 2016இல். இடையில் ஒன்பது வருசம்.

என்ர சின்னம்மா சக்கர நாற்காலியில்தான் போய்வருவா. சில வருசத்துக்கு முதல் ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். வாசலில் மூன்று படி. உள்ளே இருந்த ஐயா நல்ல மனுசன், படிவத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெயிலுக்குள்ள, மடியில வைச்சுக் கையெழுத்துப் போட்டா. நிண்ட எல்லாரும் “எவ்வளவு நல்ல ஆள்” எண்டு அவரைப் பாராட்டிச்சினம். சின்னம்மா மட்டும் ஒண்டும் கதைக்கேல்லை. வீட்டை வந்த பிறகுதான் சொன்னா: “நானும் அந்த வரிசையில நிண்டிருப்பன் தானே.”

இப்ப அந்த இடத்தில் சாய்தளம் போட்டிருக்கு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும் எண்டது உலகம் முழுக்கப் பாவிக்கிற கணக்கு. அங்கே மூன்று படிக்கும் சேர்த்து நாலைஞ்சு அடிதான். போனமுறை போனபோது அதின்ர அடியில ரெண்டு மோட்டார் சைக்கிள் நிண்டது. அவங்களைக் கண்டுபிடிச்சு எடுப்பிக்கவே அரை மணித்தியாலம் போயிட்டுது.